அடையாளம் காட்டினால்தான் தேடலா?

(இணையமும் ஜனநாயக உரிமையும் என்ற பொருளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொது நூலகத்தின் வாயிலில் ஒருவர் நின்று, ஊரும் பேரும் சொல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினால் நாம் வாளாவிருக்க மாட்டோம். இணையத்தில் அது அன்றாடம் நடைபெறுகிறது. டோர் உலாவி வழியே கூகுளில் தேடுபவருக்குப் பல வேளைகளில் விடைக்கு மாறாக, வழக்கத்துக்கு மாறான போக்குவரத்து தென்படுவதாக ஓர் அறிவிப்பே வருகிறது. படங்களில் பேருந்து எது, சாலை விளக்கு எது என்று காட்டச் சொல்கிறது. காட்டிய பின்னும் சில நேரம் கதவு திறப்பதில்லை.

டோரின் அடிப்படைத் தொழில்நுட்பம் 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவானது. பயனரின் கோரிக்கை பொதுவாக மூன்று இடைநிலைக் கணினிகளைக் கடந்து செல்கிறது. முதல் கணினி அனுப்பியவரின் முகவரியை அறியும், சேருமிடத்தை அறியாது. கடைசிக் கணினி சேருமிடத்தை அறியும், அனுப்பியவரை அறியாது. ஊழலை வெளிக்கொணரும் ஊழியருக்கும், செய்தியாளருக்கும், சங்கம் அமைக்கும் முன் சட்டத்தைத் தேடிப் படிக்கும் தொழிலாளிக்கும் இது ஒரு கேடயம். இக்கேடயம் ஏன் தேவை என்பதை, அமெரிக்க உளவு அமைப்பின் பிரிசம் திட்டத்தில் கூகுளின் பெயரும் இருந்ததைக் காட்டிய ஸ்னோடன் ஆவணங்கள் 2013இலேயே உணர்த்திவிட்டன.

நிறுவனங்கள் ஒரு காரணம் கூறுகின்றன. பற்பலர் ஒரே கடைசிக் கணினியின் ஐபி முகவரியிலிருந்து வருகின்றனர். அவர்களோடு தானியங்கி நிரல்களும் கலந்து வருகின்றன. இது பொய்யன்று. ஆயினும் ஒருவர் செய்த தவறுக்காகத் தெரு முழுவதற்கும் குடிநீரை நிறுத்துவது நீதியாகுமா? மாற்று வழிகள் இருக்கின்றன. டக்டக்கோ தேடுபொறி டோருக்கென்றே தனி முகவரி வைத்துள்ளது. பேஸ்புக் 2014இலேயே அத்தகைய முகவரியைத் திறந்தது. டோருக்குள் இயங்கும் தளங்களைக் காக்க, பயனரின் கணினி ஒரு கணக்கைச் செய்து காட்டும் முறை 2023இல் வந்தது. நீ யார் என்று அது கேட்பதில்லை.

வழியிருந்தும் கதவு அடைபடுவது ஏன்? கூகுளின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. அடையாளம் தெரியாத மனிதர் அச்சந்தையில் விலைபோகாத சரக்கு; அவருக்காகச் செலவிட மூலதனத்துக்கு என்ன அக்கறை? 2009இல் கூகுள் வாங்கிய ரீகேப்ச்சா, பயனர்கள் எழுத்துகளைப் படித்துத் தட்டச்சிட்ட கூலியற்ற உழைப்பைக் கொண்டு பழைய நூல்களை எண்மமாக்கியது. தரவைத் தர மறுப்பவரிடம் இன்று நேரமும் உழைப்பும் கூடுதலாகப் பிடுங்கப்படுகின்றன. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் கட்டிக்காத்தது என 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஏகபோகம் கதவடைத்தால் போவதற்கு இடம் குறைவு.

நம் நாட்டிலும் நிலைமை கவலைக்குரியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் 2022 ஏப்ரலில் ஒன்றிய அரசின் செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்க ஆணையிட்டது. அரசு ஒருபுறம் முகத்திரையை விலக்கச் சொல்கிறது. விலக்காதவரை ஏகபோகம் மறுபுறம் வெளியே நிறுத்துகிறது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். தேடல் ஒரு பொதுப்பயன் சேவையாகக் கருதப்பட வேண்டும். தடை விதிப்பது செயலைக் கொண்டே அமைய வேண்டும். பெயர் சொல்லாததையே குற்றமாக்கக் கூடாது. மறுக்கப்பட்டவருக்குக் காரணம் கேட்கவும் முறையிடவும் உரிமை வேண்டும். இவற்றைத் தொழிற்சங்க, மாணவர், வாலிபர் மேடைகளுக்குக் கொண்டு செல்வது நம் கடமை.