ஐஸை விட்ட பிறகும் ஏன் இந்த மறதி?



"விட்டு மூணு மாசம் ஆச்சு. இன்னும் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிட்டு வாடான்னா அரிசியோட வந்து நிக்கிறான். அக்கறையே இல்லை." மெத்தம்பெட்டமைன் எனும் ஐஸ் பழக்கத்தை விட்ட பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் இப்படித்தான் புலம்புவார்கள். அவர்களின் வேதனை நியாயமானது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். காரணம் மூளையில் இருக்கலாம்.

ஆர்வத்தையும் முனைப்பையும் தூண்டும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் தன் வேலையை முடித்ததும், அதை நரம்பு செல்லுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. நெடுநாள் ஐஸ் எடுத்தவர்களுக்கு அது குறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் இப்படிப்பட்ட ஐந்து பேரின் மூளையை, பழக்கத்தை விட்ட ஆறு மாதத்துக்குள் ஒருமுறையும் ஓராண்டு தாண்டியபின் மறுமுறையும் பெட் ஸ்கேன் எடுத்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் புரதம் மூளையின் ஒரு பகுதியில் 19 சதவீதமும், பக்கத்துப் பகுதியில் 16 சதவீதமும் கூடியிருந்தது. ஐந்தே பேர்தான் என்றாலும், மூளை மீண்டு வரும் என்பதற்கு அது பெரிய ஆறுதல். ஆனால் நினைவாற்றல், கைவேகச் சோதனைகளில் அந்த அளவுக்கு முன்னேற்றம் தெரியவில்லை. ஓராண்டுக்குப் பிறகே இந்த நிலை என்றால், மூன்றாம் மாதத்தில் எவ்வளவு எதிர்பார்க்க முடியும்?

சிகிச்சையிலும் இந்த நிலையை மனதில் கொள்ள வேண்டும். பழக்கத்தை விட்ட, கவனம் நிற்காத முதல் வாரங்களிலேயே ஒரு மணி நேரம் உட்காரவைத்து அறிவுரை சொல்லி, "அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் என்ன?" என்று கேட்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. தூரத்துப் பலன் அவர்களை அசைப்பதில்லை. கைமேல் கிடைப்பது அசைக்கிறது. இதைப் புரிந்துகொண்டுதான் கலிபோர்னியா அரசு, 2023 முதல் தன் மருத்துவத் திட்டத்தில், சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் அப்போதே பரிசு அட்டை கொடுக்கிறது. காசு கொடுத்தா திருத்துவது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஐஸ் பழக்கத்துக்கென அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இல்லாதபோது, பலன் தரும் வழியை ஏன் ஒதுக்க வேண்டும்?

வீட்டிலும் செய்ய நிறைய இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளைக் காலண்டரில் எழுதிவையுங்கள், போனில் அலாரம் வையுங்கள். நேரத்துக்குத் தூங்க விடுங்கள். கடைக்கு அனுப்பும்போது சீட்டு எழுதிக் கொடுங்கள், "இதுகூட நினைவில்லையா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.