நால்வர் கூடிய குரல்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இளமையில் நான் விரும்பிக் கேட்ட ராக் இசைக்குழுக்கள்' என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். கவிதைக்காகக் கூடிய அவையில் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவினர். நியாயமான வினாவே. என் விடை எளியது. நம் வட்டம் பத்து ஆண்டுகளை நிறைவு செய்கிறது. நான் மிகுதியும் நேசித்த பீட்டில்ஸ் குழு அப்பெயரோடு வாழ்ந்த காலமும் ஏறத்தாழ அவ்வளவே. 1960 ஆகஸ்டில் அப்பெயர் நிலைபெற்றது. 1970 ஏப்ரலில் பால் மெக்கார்ட்னியின் விலகல் உலகறிய வெளிப்பட்டது. பத்தாண்டில் ஒரு கூட்டம் எதைச் சாதிக்கக்கூடும், எதனால் உடையக்கூடும் என்பதற்கு அவர்களைப்போல் நாள்வாரியாகப் பதிவான சான்று கிடைப்பது அரிது. "பத்தாண்டு போதும், மலரை வெளியிட்டுவிட்டு வட்டத்தை நிறைவு செய்துகொள்ளலாம்" என்னும் பேச்சு நம்மிடையே எழுந்திருக்கும் இவ்வேளையில் அச்சான்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது பயன்தரும் என்று கருதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கல்லூரி விடுதியில், கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் உருவான இசைத்தட்டுகள் வாயிலாக இவ்விசை எங்களை வந்தடைந்தது. இசைத்தட்டுப் பெட்டி ஒன்று, கேட்போர் பத்துப் பேர். லிவர்பூல் நகரத்து ஆங்கிலம் எங்கள் காதுக்கு எளிதில் பிடிபடவில்லை. குரல்தான் முதலில் வந்தது, சொல் பின்னால் வந்தது. 1967இல் வெளிவந்த 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' என்னும் இசைத்தட்டின் உறையில், பின்புறம் முழுவதும் பாடல்களை அச்சிட்டிருந்தார்கள். பாட்டைக் கேட்டுக்கொண்டே வரிகளைக் கண்ணால் தொடர்ந்த அந்த வாய்ப்பு, யாப்புப் பயின்றுகொண்டிருந்த என்போன்றோர்க்குப் பெரும் திறப்பாக அமைந்தது. ராக் பாடலுக்கு இலக்கிய மதிப்பு உண்டா என்று அக்காலத்தில் விடியும்வரை வாதிட்டிருக்கிறோம். 2016இல் பாப் டிலனுக்கு இலக்கியத்திற்கான நோபல் பரிசு கிடைத்தபின் அவ்வழக்கை மீண்டும் தொடுக்க வேண்டியதில்லை. ஆனால் டிலன் தனி ஒருவர். நான் பேச வந்தது குழுவைப்பற்றி.

குழு என்பது எப்படி உருவாகிறது? 1957 ஜூலை 6ஆம் நாள், லிவர்பூலின் வுல்டன் பகுதியில் ஒரு தேவாலயத் திருவிழாவில் பதினாறு வயது ஜான் லெனனும் பதினைந்து வயது மெக்கார்ட்னியும் சந்தித்தனர். பின்னர் ஜார்ஜ் ஹாரிசன் இணைந்தார். 1960 முதல் 1962 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு ஐந்து முறை சென்று, மாலுமிகளும் குடியரும் நிறைந்த கேளிக்கை விடுதிகளில் இரவு நெடுநேரம் வாசித்தனர். முதற் பயணத்தின்போது ஹாரிசனுக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை; அதன் காரணமாகவே அதிகாரிகள் அவரைத் திருப்பி அனுப்பினர். கேட்பவன் முகம் திருப்பிக்கொண்டால் அவனை மீண்டும் தம்பக்கம் திருப்புவது எப்படி என்பதை அவர்கள் கற்ற பள்ளி அதுவே. சங்கப் பாணர் யாழைச் சுமந்து ஊர்ஊராய்ச் சென்று பெற்ற பயிற்சியும் இத்தகையதாகவே இருந்திருக்கும். விளைவு என்னவெனில், 1963 பிப்ரவரி 11ஆம் நாள், ஒரே நாளில், தம் முதல் நெடுந்தட்டின் பதினான்கு பாடல்களில் பத்தினை அவர்களால் பதிவு செய்ய முடிந்தது. ரிங்கோ ஸ்டார் அவர்களோடு சேர்ந்து அப்போது ஆறு மாதமே ஆகியிருந்தது.

இங்கே நம் இரட்டைப் புலவரை நினைவுகூர விரும்புகிறேன். முதுசூரியர், இளஞ்சூரியர் எனப் பெயர் பெற்ற அவ்விருவருள் ஒருவர்க்குக் கண் இல்லை, மற்றவர்க்குக் கால் இல்லை. பார்வையற்றவர் தோளில் நடக்கவியலாதவர் அமர்ந்து வழிகாட்ட, ஒருவர் வெண்பாவின் முன்னிரண்டு அடியைத் தொடங்க, மற்றவர் பின்னிரண்டு அடியால் முடிப்பார் என்பது வழிவழி வந்த செய்தி. லெனனும் மெக்கார்ட்னியும் அத்தகைய இரட்டையர். யார் எழுதினும் இருவர் பெயரையும் இடுவது என்று இளமையிலேயே உடன்பட்டனர். 'எஸ்டர்டே' பாடலின் பதிவில் மெக்கார்ட்னியையன்றி ஏனைய மூவர் எவரும் இல்லை. அதன்கீழும் இருவர் பெயரே உண்டு.

பெயரைப் பகிர்ந்ததைவிடப் பெரிது, குறையைப் பகிர்ந்தது. மெக்கார்ட்னியின் இயல்பு நம்பிக்கை. லெனனின் இயல்பு ஐயம். 1965இல் வந்த 'வீ கேன் வொர்க் இட் அவுட்' பாடலில் மெக்கார்ட்னி இணக்கம் பேசுகிறார். இடையே புகுந்த லெனன், வீண் சண்டைக்கு வாழ்நாளில் நேரமில்லை என்று எச்சரிக்கிறார். இரண்டு ஆண்டு கழித்து 'கெட்டிங் பெட்டர்' பாடலில், நாளுக்குநாள் நலம் பெருகுவதாக ஒருவர் பாட, அந்த உற்சாகத்தைக் குத்திக்காட்டும் எதிரடியை மற்றவர் வைக்கிறார். தன் கவிதைக்குள் நண்பனின் மறுப்பு நுழைவதற்கு இடம் கொடுக்கும் பெருந்தன்மை எத்தனை கவிஞர்க்கு வாய்க்கும்? 'எ டே இன் தி லைஃப்' பாடலிலோ இருவரும் தனித்தனியே எழுதிய இரு துண்டுகள் சேர்ந்தன. இரண்டுக்கும் இடையே இருபத்து நான்கு தாள அளவுகளை வெறுமையாக விட்டுவைத்தனர். பின்னர் இசைக்கலைஞர் நாற்பதின்மரை வரவழைத்து, ஒவ்வொருவரும் தம் கருவியின் தாழ்ந்த சுரத்தில் தொடங்கி உச்சம்வரை தத்தம் போக்கில் ஏறுமாறு செய்து அவ்வெளியை நிரப்பினர். பொருந்தாத இரண்டைப் பொருந்தியதுபோல் பூசி மறைக்காமல், இடைவெளியையே பாடலின் உயிரிடமாக்கிய துணிவு அது. படிமங்களை அடுக்குவதில் தேர்ந்த நாம், படிமங்களுக்கு இடையே விடவேண்டிய வெளியை இதிலிருந்து கற்கலாம்.

இனி, அவர்கள் தவறவிட்டதையும் சொல்லியாக வேண்டும். இரட்டையர் ஒளியில் மூன்றாமவர் நிழலில் நின்றார். ஹாரிசன் நல்ல பாடல்களோடு வருவார். ஒரு தட்டில் ஒன்றிரண்டுக்கே இடம் கிடைக்கும். 1969 ஜனவரியில் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்னும் பாடலைக் குழுவின் முன் வைத்தார். ஒத்திகை பார்த்தார்கள், தட்டில் சேர்க்கவில்லை. குழு கலைந்த அதே 1970இல் ஹாரிசன் அப்பெயரிலேயே மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுதியை வெளியிட்டார். அத்தனை நாளும் மனத்தில் தேங்கிய வெள்ளம் அது. நம் கூட்டங்களில் மூத்தோர் வாசித்து முடித்தபின், தேநீர்க் குவளைகள் ஓசையிடும் வேளையில், இளையவர் ஒருவரை அழைத்து "விரைவாக ஒன்று வாசியுங்கள்" என்கிறோமே, அப்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று தட்டுகளின் நினைவு வருகிறது.

அந்த 1969 ஜனவரி மாதத்து ஒத்திகைகளைப் படமாக்கியிருந்தனர். அப்பதிவுகளைப் பீட்டர் ஜாக்சன் தொகுத்து 2021இல் ஏறத்தாழ எட்டு மணி நேர ஆவணப்படமாக வெளியிட்டார். கவிஞர் அனைவரும் காணத்தக்கது. அதில் ஒரு காலைப்பொழுது. லெனன் இன்னும் வரவில்லை. மெக்கார்ட்னி கிதாரைத் தட்டிக்கொண்டு பொருளற்ற ஒலிகளை முணுமுணுக்கிறார். எதிரே ஹாரிசன் கொட்டாவி விடுகிறார். சில நிமிடங்களில் அம்முணுமுணுப்பிலிருந்து 'கெட் பேக்' பாடலின் உருவம் எழுகிறது. கொட்டாவி விட்டவர் கிதாரை எடுக்கிறார். படைப்பு பிறக்கும் கணம் இவ்வளவு எளிமையாக, இவ்வளவு சலிப்பின் நடுவே நிகழ்வதைக் கண்ணால் காண்பது வியப்பு.

அதே மாதம் ஹாரிசன் மனம் நொந்து வெளியேறி, பேச்சுவார்த்தைக்குப் பின் திரும்பினார். அதன்பின் பில்லி பிரஸ்டன் என்னும் அமெரிக்க இசைக்கலைஞர் வந்து மின் பியானோ வாசிக்க அமர்ந்தார். அறையின் தட்பவெப்பமே மாறிற்று. விருந்தினர் வந்த வீட்டில் கணவனும் மனைவியும் சண்டையை ஒத்திவைப்பதுபோல் நால்வரும் நயத்துடன் நடந்துகொண்டனர்; வாசிப்பும் சிறந்தது. 'கெட் பேக்' இசைத்தட்டில் பீட்டில்ஸ் பெயரோடு பிரஸ்டன் பெயரையும் அச்சிட்டனர். வெளியிலிருந்து ஒருவரை அழைப்பது ஒரு கூட்டத்திற்கு எத்தகைய மருந்து என்பதற்கு இது சான்று.

இதற்கு முந்தைய ஆண்டு, 1968 ஆகஸ்டில், பொறுமைக்குப் பெயர்பெற்ற ரிங்கோவே விலகிச் சென்றார். தாம் நன்றாக வாசிக்கவில்லை, ஏனைய மூவரும் நெருங்கியிருக்கத் தாம் மட்டும் புறத்தே நிற்பதாக அவர் எண்ணினார். மூவரும் அவரைத் திரும்ப அழைத்தனர். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து அவர் பதிவறைக்குள் நுழைந்தபோது, அவருடைய டிரம்ஸ் முழுவதும் மலர்களால் அலங்கரிக்கப்பட்டிருந்தது. பீட்டில்ஸ் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுவே. அங்கே பாட்டு இல்லை, பேச்சும் தேவைப்படவில்லை.

ஒருவர் திரும்பி வரவியலாதபோது என்ன செய்வது? இவ்வினாவுக்கு நான் நேசித்த வேறு மூன்று குழுக்கள் மூன்று விடைகளைத் தந்தன.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் முதல் தட்டில் பெரும்பாலான பாடல்களை எழுதியவர் சிட் பாரட். மனநிலை குலைந்து 1968இல் குழுவைவிட்டு நீங்கினார். டேவிட் கில்மர் அவ்விடத்தில் அமர்ந்தார். குழு 1973இல் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' தந்து உலகப் புகழ் எய்தியது. ஆயினும் நீங்கியவரை மறக்கவில்லை. 1975இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' தட்டின் தொடக்கமும் முடிவும் பாரட்டை நினைந்து எழுந்த ஒரே நெடும் பாடலின் இரு பகுதிகள். அப்பாடலின் பணி நடந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில் ஒருநாள், பருத்த உடலும் மழித்த தலையும் புருவமுமாய் ஒருவர் பதிவறையில் வந்து நின்றார். அவர்தாம் பாரட் என்பதை உடன் பாடியவர்கள் உடனே அறியவில்லை. அறிந்தபோது ரோஜர் வாட்டர்ஸ் கண்கலங்கினார். யாரைப் பாடினார்களோ அவரே எதிரில் நின்றும் இனங்காண முடியாமற்போன அந்தத் துயரம் எந்தக் கையறுநிலைப் பாட்டுக்கும் குறைந்ததன்று. 2006இல் பாரட் மறைந்தார்.

டோர்ஸ் குழுவின் பெயரே கவிதையிலிருந்து வந்தது. வில்லியம் பிளேக்கின் சொற்றொடரை ஆல்டஸ் ஹக்ஸ்லி நூற்பெயராக்க, அதிலிருந்து இவர்கள் எடுத்தனர். ஜிம் மாரிசன் 1971 ஜூலையில், இருபத்தேழாம் வயதில், பாரிஸில் இறந்தார். எஞ்சிய மூவரும் மேலும் இரண்டு தட்டுகள் வெளியிட்டுப் பார்த்து, பின் நிறுத்திக்கொண்டனர். லெட் செப்பெலின் குழுவோ, 1980 செப்டம்பரில் டிரம்ஸ் கலைஞர் ஜான் பானம் மறைந்ததும், அவரின்றித் தொடரவியலாது என்று அவ்வாண்டு டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. 2007இல் லண்டனில் ஒரே ஓர் இரவு முழு நிகழ்ச்சிக்காக மீண்டும் கூடியபோது அந்த இருக்கையில் அமர்ந்தவர் பானத்தின் மகன் ஜேசன்.

இடத்தை நிரப்பி நினைவைப் பாடியது ஒரு குழு. முயன்று ஓய்ந்தது ஒரு குழு. இருக்கையை மதித்து எழுந்துவிட்டது ஒரு குழு. மூன்றுமே நேர்மையான விடைகள். காரணமின்றி, சலிப்பினால் மட்டும், விழா எடுத்துக் கலைவது இம்மூன்றிலும் சேராது.

அன்பர்களே, நம் வட்டத்துக்கு வருகிறேன். முதல் மூன்று ஆண்டுகளில் ஓர் அடி பொருந்தவில்லையென்றால் முகத்துக்கு நேரே சொன்னோம். சொல்லப்பட்டவர் சினந்தார், அடுத்த மாதம் திருத்திக்கொண்டு வந்தார். இன்று கைதட்டல் மிகுந்துவிட்டது, திருத்தம் அருகிவிட்டது. எதிரடி வைப்பாரில்லாத கூட்டம் மெல்ல மெல்லத் தனித்தனிக் கவிஞர்களின் வரிசையாகிவிடும். கலைவதற்கு அதன்பின் தீர்மானம்கூடத் தேவைப்படாது. எனவே வட்டம் தொடர வேண்டும் என்பதோடு, பழைய கடுமையோடு தொடர வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். இளையவர் முதலில் வாசிக்கட்டும். காலாண்டுக்கு ஒருமுறையேனும் வெளியூர்க் கவிஞர் ஒருவர் நம்மிடையே அமர்ந்து கேட்கட்டும்.

இன்னும் ஒன்று. நம்மைத் தொடங்கிவைத்த அறுவருள் ஒருவர் ஈராண்டாக இங்கு வருவதில்லை. காரணத்தை இங்குள்ள பலரும் அறிவர். யார் பக்கம் நியாயம் என்பதை ஆராய இது இடமன்று. அவர் நலமாக இருக்கிறார், இன்னும் எழுதுகிறார். பாரட்டைப்போல் இனங்காண முடியாத் தொலைவுக்கு அவர் போய்விடவில்லை. ரிங்கோவைப்போல் அழைத்தால் வரக்கூடிய தொலைவில்தான் இருக்கிறார். நாம் இன்று வெளியிடுவதும் மலரே. அதன் முதற்படியை மேடையில் பெறுவோர் பெறட்டும். இரண்டாம் படியை நாளைக் காலை நாம் நால்வர் அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வோம். பேச்சு வேண்டியதில்லை. மலரைக் கையில் கொடுத்து, அடுத்த கூட்டத்தின் தேதியை மட்டும் சொல்லிவிட்டு வருவோம்.