கூரையைப் பிரித்த நால்வர்

நற்செய்தி: மாற்கு 2:1-12



கப்பர்நாகும் நம் மீமிசலைப் போலக் கரையோர ஊர். மீனவர்கள் வாழ்ந்த ஊர். அங்கே ஒரு வீட்டில் இயேசு போதிக்கிறார். வாசலில்கூட நிற்க இடமில்லை. முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகிறார்கள். கூடியிருந்தவர்கள் இறைவார்த்தையைக் கேட்க வந்தவர்கள்தான். ஆனாலும் வழிவிட யாருக்கும் தோன்றவில்லை. நால்வரும் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவரை இறக்கினார்கள். இயேசு கண்டது அவர்களுடைய நம்பிக்கையை என்கிறார் மாற்கு.

இன்று மாற்றுத்திறன் கொண்ட நம் பிள்ளைகளுக்குச் சட்டம் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளை, 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம். இது யாரோ போடும் பிச்சையன்று, உரிமை. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் கேட்டுப் பெற வழியுண்டு.

கதவு திறந்திருக்கிறது, ஆனால் பிள்ளை உள்ளே போய்ச் சேர்ந்ததா? பெயர் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை வீட்டுத் திண்ணையில் இருக்கும். வகுப்பறைக்குச் சாய்தளம் இருக்கும், கழிப்பறைக்கு இரண்டு படி இருக்கும். அதற்கு அஞ்சிக் காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் மாணவியை நினைத்துப் பாருங்கள். ஆசிரியரின் உதட்டைப் பார்த்தே பாடம் அறியும் பிள்ளைக்கு, அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் பாடம் அங்கேயே நின்றுவிடுகிறது. முன்வரிசையில் ஓர் இடம், முகம் பார்த்துச் சொல்லும் ஒரு சொல், பக்கத்தில் ஒரு தோழன்: நாம் பிரிக்க வேண்டிய கூரை இவ்வளவுதான்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் ஒருவர் இதைச் செய்து காட்டினார். 1975-இல் கடற்படைத் தேர்வுப் பயிற்சியில் முதுகுத்தண்டு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன், 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சுமக்கப்பட்டவரே பிறரைச் சுமப்பவரானார்.

நாம் என்ன செய்தோம்? பார்வையற்றுப் பிறந்தவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டார்கள். யாருடைய பாவமும் இல்லை என்றார் ஆண்டவர். நம் தெருவில் அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு தாய் பிள்ளையை வீட்டுக்குள் மறைக்கிறாள். மறைக்கல்வி வகுப்பில் நாமும், “இந்த வருடம் வேண்டாம்மா, அடுத்த வருடம் பார்ப்போம்” என்று சொல்லியிருக்கிறோம். பிள்ளையின் புதுநன்மை தள்ளிப்போனது. அந்தத் தாய் கோயிலுக்கு வருவதும் குறைந்தது. வாசலை அடைத்து நின்ற கூட்டம் நாம்தான்.

கரையில் கிடக்கும் வள்ளத்தை ஒருவர் மட்டும் தள்ளி இறக்க முடியுமா? பெற்றோர், ஆசிரியர், அண்டை வீட்டார், பங்கு மக்கள் என நால்வர் கை கொடுக்க வேண்டும். இந்த வாரம் அப்படி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவோம். அடையாள அட்டை வாங்கப் புதுக்கோட்டைக்குத் துணையாகப் போவோம். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையை மறைக்கல்வி வகுப்பின் முன்வரிசையில் அமர்த்துவோம்.

ஆண்டவரே, வழியை அடைத்து நின்ற எங்களை மன்னியும். சுமந்து வரும் நால்வராக எங்களை மாற்றும். ஆமென்.