வளர்க்கும் உயிரும் அமானிதமே



சிறுவர் அபூ உமைர் (ரலி) வளர்த்த சிறு பறவை இறந்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதைப்பற்றி அவரிடம் பரிவுடன் விசாரித்தார்கள். உயிரினங்களை வளர்ப்பது ஆகுமானது என்பதற்கு அறிஞர்கள் இதை ஆதாரமாகக் கொள்வர். பூனையைக் கட்டிவைத்து, உணவளிக்காமலும் அவிழ்த்துவிடாமலும் சாகவிட்ட பெண் நரகம் புகுந்ததையும் நபிகளார் எச்சரித்துள்ளார்கள். ஆக, அனுமதியோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி வீடுகளிலும் பிள்ளைகளின் ஆசைக்காகக் கண்ணாடித் தொட்டி வைக்கிறோம். பாசியை உண்ணும் என்று வாங்கும் இரண்டு அங்குல சக்கர் மீன் ஒன்றரை அடிவரை வளரக்கூடியது. தொட்டியின் அளவுக்கே மீன் வளரும் என்பது தவறு. நெருக்கடியிலும் கழிவுநீரிலும் அது வளர்ச்சி குன்றி, நோயுற்று மடியும்.

அப்படியானால் ஏரியில் விட்டுவிடலாமா? கூடாது. பூனையை அவிழ்த்துவிட்டால் அது தன் மண்ணிலேயே இரை தேடும். சக்கர் மீனின் தாயகமோ தென் அமெரிக்கா. தமிழக நீர்நிலைகள் பலவற்றில் அது பெருகி, நம் மீன்களின் இரையைப் பறிக்கிறது, கரையைத் துளைக்கிறது, முள் துடுப்பால் மீனவரின் வலையைக் கிழிக்கிறது. 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற நமது கரைவெட்டி ஏரி பறவைகளுக்கும் பாசனத்துக்கும் உரியது. ஓர் உயிருக்கு இரங்குவதாக எண்ணி, பல உயிர்களுக்குத் தீங்கிழைப்பது இரக்கமாகாது.

எனவே, வாங்குமுன் அது எவ்வளவு வளரும் என்று கேளுங்கள். வளர்ந்துவிட்டால் பெரிய தொட்டி உள்ளவரிடமோ கடைக்காரரிடமோ ஒப்படையுங்கள்.

அமானிதம் பேணும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.