தண்டித்து அனுப்புவதா, சரிசெய்ய வைப்பதா?

(பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொத்தேரியில் இரயில் ஏறினால் ஐந்தாவது நிலையம் செங்கற்பட்டு. அங்குள்ள அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் 31-ஆம் நாள் தாம்பரத்துச் சிறுவன் ஒருவன் மாண்டான். வயது 17. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு, ஓரிரு நாள் முன்னர்தான் அங்கே ஒப்படைக்கப்பட்டவன். அவனை அடித்துக் கொன்றதாக இல்லத்தின் அலுவலர்களும் ஊழியர்களுமாக அறுவர் கைதாயினர். சிறுவர் இல்லங்களைச் சீர்திருத்த வழிகூறுமாறு 2023-இல் அரசு நீதியரசர் சந்துரு அவர்களின் ஒருநபர் குழுவை அமைத்தது.

அது கூர்நோக்கு இல்லம், நம் பிள்ளைகள் படிப்பதோ பள்ளிக்கூடம் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடைசெய்தது. பிரம்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும், டி.சி. கொடுத்து அனுப்புவதும் மறைந்தனவா? எந்த விதியை மீறினான், என்ன தண்டனை என்று மட்டுமே கேட்கிறோம். அடிபட்டவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்பார் இல்லை.

1974-இல் கனடா நாட்டு எல்மைரா என்னும் சிற்றூரில் இரு இளைஞர் குடிபோதையில் 22 பேருடைய உடைமைகளைச் சேதப்படுத்தினர். அவர்களை வீடுவீடாக அனுப்பி, பாதிக்கப்பட்டோர் முகத்தைப் பார்த்துப் பேசி, இழப்பை ஈடுசெய்ய வைத்தார் நீதிபதி. 1989-இல் நியூசிலாந்து, மாவோரி மக்களின் வழக்கத்தைத் தழுவி, குற்றம் செய்த சிறாரைக் குடும்பத்தாரோடு அமர்த்திப் பேசும் முறையைச் சட்டமாக்கியது. நம் ஊர்ப் பஞ்சாயத்துதானே என்பீர்கள். ஒப்புமை பாதிதான். அங்கே எளியவன் குரல் எவ்வளவு எடுபட்டது என்பது நாம் அறியாததா!

ஏழாம் வகுப்பில் ஒருவன் இன்னொருவனின் ஜியாமெட்ரி பாக்ஸை உடைத்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் முதலில் இருவரிடமும் தனித்தனியே பேசவேண்டும். இழந்தவன் சம்மதித்தால் மட்டுமே சேர்த்து உட்காரவைக்க வேண்டும். என்ன நடந்தது? யாருக்கு என்ன நோவு? சரிசெய்ய நீ என்ன செய்வாய்? மூன்றே கேள்விகள். மறுமொழி பையனிடமிருந்து வரவேண்டும். ஆசிரியர் எடுத்துக்கொடுத்தால் பாடம் ஒப்பித்த கதையாகிவிடும். சக்கேயுவின் வீட்டில் நடந்தது என்ன? நாலத்தனையாய்த் திருப்பித் தருவேன் என்று அவனே எழுந்து நின்று சொன்னான். யாரும் அவனுக்குத் தீர்ப்பு எழுதவில்லை.

எல்லாச் சண்டைக்கும் இது மருந்தன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதி இழிவைப் பள்ளியில் முறையிட்ட மாணவனை உடன் பயின்றவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அப்படிப்பட்ட இடத்தில் "சமாதானமாய்ப் போங்கள்" என்பது அடிபட்டவனை இரண்டாம் முறை அடிப்பதாகும். அங்கே முதலில் பாதுகாப்பு, பிறகு சட்டம். ஆனால் அரிவாள் வருமுன் ஆறாம், ஏழாம் வகுப்பில் கேலிப் பேச்சும் கையில் வண்ணக் கயிறும் வருகின்றன. நாம் உட்கார்ந்து பேசவேண்டிய காலம் அதுதான்.

இதற்கு நேரம் பிடிக்கும். டி.சி. எழுத ஐந்து நிமிடம் போதும். ஒரு தகராறைப் பேசித் தீர்க்க இரண்டு மூன்று பாடவேளை வேண்டும். ஐம்பது பிள்ளைகளை மேய்க்கும் ஆசிரியர் தனியாக என்ன செய்வார்? ஆகவே வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கக்கூடிய பெற்றோர் சிலர் நமக்குத் தேவை. தாய்மாரும் தந்தையரும் ஒரே தெருவினராய் இல்லாதிருத்தல் நலம். விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.