தம்பி பரசூட்டில் குதிக்கவில்லை



நன்றி விழா மாலையில் நான் பேசியதை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். அன்று கையில் தாள் எதுவும் வைத்துப் பேசவில்லை. ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். நேரம் போதாமல் விட்ட இரண்டொரு விடயங்களையும் சேர்த்திருக்கிறேன்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். இரவு வேலை முடிந்து, தூக்கக் கண்ணோடு கடைசி வாங்கில் வந்து இருப்பவள். இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து, இங்கேதான் தாதியாகப் படித்தேன். முள்ளந்தண்டு அடிபட்டவர்களைப் பராமரிக்கும் வார்ட்டில் பல வருடங்களாக வேலை செய்கிறேன்.

நம்முடைய சபையிலே சக்கர நாற்காலியில் வரும் தம்பியையும் உங்களுக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டிருக்கிறார். பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. சென்ற வருடம் ஒருநாள் ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்து, "அக்கா, நான் பரசூட்டில குதிக்கப் போறன். காசு சேர்த்து வன்னிக்கு அனுப்பப் போறன். நீங்கள்தான் அம்மாவோட கதைக்க வேணும்" என்றார்.

அம்மாவோடு கதைப்பதற்கு முன் நான் அவரோடு கதைத்தேன். ஒரு தாதியின் வாயிலிருந்து என்ன வருமோ அதுதான் வந்தது.

1999ஆம் ஆண்டு ஒரு மருத்துவ சஞ்சிகையில் ஸ்கொட்லாந்தின் டேசைட் பகுதியைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. இரண்டு பரசூட் நிலையங்களிலிருந்து ஐந்து வருடங்களில் காயப்பட்டு வந்த 174 பேரின் கணக்கு அது. அவர்களில் 94 வீதமானவர்கள் தர்ம நிதிக்காக முதல் தடவை குதித்தவர்கள். ஒருவர் நிதிக்குச் சேர்த்தது 30 பவுண். அப்படிச் சேர்ந்த ஒவ்வொரு பவுணுக்கும் தேசிய சுகாதார சேவைக்கு 13 பவுண் 75 பென்ஸ் செலவு. தர்மத்துக்குக் காசு சேர்க்கக் குதித்து, ஆஸ்பத்திரிக்குச் செலவு வைத்த கதை. இன்று பெரும்பாலும் முதல் தடவை குதிப்பவரைப் பயிற்சியாளரின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டித்தான் குதிக்க வைக்கிறார்கள். அது அதைவிடப் பாதுகாப்பானது. கால் அசையாதவர்களும் அப்படிக் குதிக்கிறார்கள். இறங்கும்போது காலைத் தூக்கிப் பிடிக்கப் பட்டி போடுவார்கள். இதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நான் அங்க ஒரு பொதி மாதிரித்தானே அக்கா? கட்டிக் கொண்டுபோய் இறக்கி விடுவினம். பதினொரு வருசமா என்னை அப்பிடித்தானே எல்லாரும் தூக்கினம்" என்றார்.

அந்த இடத்தில் என் வாய் அடைத்துப் போனது. ஏனென்றால் அவரைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

பிறகு அவரே தேடிக் கண்டுபிடித்ததுதான் பனிச்சறுக்கு. வெளிநாட்டு மலைக்குப் போகத் தேவையில்லை. மில்டன் கீன்ஸ், ஹெமல் ஹெம்ப்ஸ்ரெட் போன்ற இடங்களில் பெரிய மண்டபத்துக்குள்ளேயே உண்மையான பனி போட்ட சரிவு இருக்கிறது. கால் இயங்காதவர்களுக்கு ஓர் இருக்கை. உடலோடு ஒட்டினாற்போல் இடுப்பையும் தொடையையும் பாதத்தையும் பட்டியால் இறுக்குவார்கள். இருக்கைக்குக் கீழே அதிர்வைத் தாங்கும் சுருள், அதற்குக் கீழே சறுக்குப் பலகை. பழகத் தொடங்குபவருக்கு இரண்டு பலகை, தேறியவருக்கு ஒன்று. இரண்டு கையிலும் குட்டை ஊன்றுகோல். அதன் நுனியிலும் சின்னச் சறுக்குப் பலகை இருக்கும். திரும்ப வேண்டுமானால் அந்தப் பக்கம் பார்த்து, உடம்பைச் சாய்த்து, கோலால் சமன் செய்ய வேண்டும். தொடக்கத்தில் பயிற்சியாளர் பின்னால் கயிறு பிடித்து வருவார். மெல்ல மெல்லக் கயிறு போய்விடும். இதைக் கரை கண்டவர்கள் மலையில் மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேலும் போகிறார்கள். ஆகவே விளையாட்டுத்தானே என்று நினைத்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவர் அழுதார். "கடவுள் ஒருக்கா உயிரைத் திருப்பித் தந்தவர். அதை வைச்சு விளையாடுறதோ?" என்றார். அந்தக் கேள்விக்கு மறுமொழி சொன்னது நானல்ல, தம்பிதான். "அம்மா, இவ்வளவு காலமா எல்லாரும் எனக்காக ஜெபிக்கினம், எனக்குக் காசு தருகினம். நான் ஆருக்கும் ஒண்டும் குடுக்கக் கூடாதோ?"

நான் வேலை செய்யும் துறையில் இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. முள்ளந்தண்டு முறிந்தவர் படுக்கைப்புண்ணாலோ சிறுநீர்த் தொற்றாலோ சீக்கிரம் இறந்துவிடுவார் என்றுதான் ஒரு காலத்தில் வைத்தியர்களே நினைத்திருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து 1939இல் அகதியாக வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்ரோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும், புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். (அந்த நாளைய தாதிகளின் முதுகை நினைத்துப் பாருங்கள்.) புண் ஆறிய பிறகு சும்மா படுத்திருக்க விடவில்லை. 1948 ஜூலை 29ஆம் திகதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வில் எய்யும் போட்டியில் இறக்கினார். பராலிம்பிக் அங்கிருந்துதான் வளர்ந்தது.

நிதிக்காக என்று கேட்டால் எனக்கு மார்க் இங்கிலிஸ் நினைவுக்கு வருகிறார். நியூசிலாந்தின் மலை மீட்புப் பணியாளர். 1982இல் குக் மலையின் உச்சிக்கு அருகே புயலில் அகப்பட்டு, இரண்டு வாரமளவில் பனிக் குகைக்குள் கிடந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் இழந்தார். செயற்கைக் காலோடு ஏறப் பழகினார். 2002இல் அதே குக் மலையின் உச்சிக்குப் போனார், 2006 மே 15ஆம் திகதி எவரெஸ்ட் உச்சியில் நின்றார். வழியில் செயற்கைக் கால் ஒன்று உடைந்து, அதை அங்கேயே திருத்திக்கொண்டு ஏறினார். அந்தப் பயணத்தில் சேர்ந்த காசு கம்போடியாவில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் அமைப்புக்குப் போனது. கண்ணிவெடி என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவரும் இலேசாகத் தப்பவில்லை. பனிக்கடியால் ஐந்து விரல்களின் நுனி போயிற்று. அதைச் சொல்லாமல் உச்சியை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை.

தம்பியின் கதையிலும் அந்தப் பாதி உண்டு. உணர்வில்லாத உடம்பு வலிக்கிறது என்று சொல்லாது. கால் விறைத்தாலும் தெரியாது. நடக்காத காலின் எலும்பு மெலிந்திருக்கும், சின்ன அடியிலும் முறியும். இருக்கையின் விளிம்பு அழுத்தினால் ஒரே மாலையில் புண் தொடங்கிவிடும். ஆகவே போகுமுன்னும் வந்த பின்னும் நீண்ட பிடி போட்ட கண்ணாடியால் தோலைப் பார்க்க வேண்டும் என்பது என் சட்டம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அதன்மேல் இருக்கவே கூடாது.

மூன்றாம் வாரம் வெளுக்கவில்லை. இரண்டு வாரம் பனிப்பக்கம் போகக் கூடாது என்றேன். அவருக்குச் சரியான கோபம். "நீங்களும் அம்மாவும் ஒண்டுதான்" என்றார். நானும் விடவில்லை. ஒரு படுக்கைப்புண் மாதக் கணக்கில் ஆளைக் குப்புறப் போடும். என் வார்ட்டில் பார்த்திருக்கிறேன். சிவப்பு மாறியது. பயிற்சியாளர் இருக்கைக்குள் மெத்தையை மாற்றி அமைத்தார். அதன் பிறகு தோலைப் பார்க்கச் சொல்லி நான் ஒருநாளும் ஞாபகப்படுத்த வேண்டி வரவில்லை. அவரே படம் எடுத்து அனுப்பிவிடுவார், காலைச் சாப்பாட்டு நேரத்தில்!

முதல் நாள் பதினேழு தரம் விழுந்தார். எண்ணியது அவருடைய அம்மா. வரமாட்டேன் என்றவர், வந்து கம்பிக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாக எண்ணினார். இதைக் கேள்விப்பட்ட ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொரு விழுகைக்கும் பத்துப் பென்ஸ் தருவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். "நான் விழ வேணும் எண்டு ஜெபிக்கிற சபை இதுதான்" என்று தம்பி சிரித்தார். பெரியவர்களோடு ஒப்பந்தம் வேறு: யாரும் கயிறு பிடிக்காமல், ஒரே நாளில், மேலிருந்து கீழ்வரை பத்துத் தடவை. அதற்கு அவருக்கு ஏழு மாதம் எடுத்தது. பத்தாவது தடவை கீழே வந்து நின்றபோது ஊன்றுகோலை உயர்த்தப் பார்த்து, சமநிலை தவறி, நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தார். பிள்ளைகள் அதற்கும் பத்துப் பென்ஸ் கட்டினார்கள்.

காசுக் கணக்கை நான் கண்டிப்பாகக் கேட்டேன். அந்த டேசைட் கணக்கு என் தலையை விட்டுப் போகவில்லை. பாடச் செலவு முழுவதும் அவருடைய சம்பளத்திலிருந்து. நீங்கள் தந்தது 2,140 பவுண், அதில் ஒரு பென்ஸும் சறுக்குக்குப் போகவில்லை. அதை என்ன செய்வது என்று முடிவெடுத்ததும் அவர்தான். நாங்கள் எல்லாரும் புதுச் சக்கர நாற்காலி என்றோம். அவர், "நாற்காலி அனுப்ப ஆக்கள் இருக்கினம். மெத்தையும் ரியூப்பும்தான் ஒருத்தரும் அனுப்பிறேல்ல" என்றார். இருக்கும் இடத்தின் அழுத்தத்தைப் பரப்பும் மெத்தை இல்லாமல் நாற்காலி கொடுத்தால் புண்ணைக் கொடுத்த மாதிரி. தாதியாகிய எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டியது அது. வன்னியிலுள்ள ஒரு சபையினூடாக மெத்தைகளும் சில்லு ரியூப்புகளும் கொடுக்கப்பட்டன. பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, விரும்பியவர்கள் பார்க்கலாம்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அன்று நன்றி விழாவில் அந்தக் காசோலையைக் கொடுக்கத் தம்பியை மேடைக்கு அழைத்தார்கள். நம்முடைய மேடைக்கு மூன்று படி. நான்கு பேர் தூக்க ஓடி வந்தார்கள். "வேண்டாம், போதகரைக் கீழே வரச் சொல்லுங்கோ" என்றார். போதகரும் இறங்கி வந்தார். படத்தில் அவர்கள் இருவரும் பூச்சாடிக்குப் பக்கத்தில் தரையில் இருப்பது அதனால்தான். சாய்தளம் ஒன்று போடும்படி கட்டடக் குழுவுக்கு நான் கடிதம் எழுதியிருக்கிறேன்.

தம்பி இப்போது ஒற்றைப் பலகைக்கு மாறிவிட்டார். மறுபடியும் விழத் தொடங்கியிருக்கிறார். சனிக்கிழமைகளில் அவரோடு போக வான் ஓட்டக்கூடிய இரண்டு பேர் தேவை. என்னிடம் சொல்லுங்கள், கடைசி வாங்கில்தான் இருப்பேன்.