பெட்டியின் எடையைப் படகிலேயே முடிவு செய்யுங்கள்



மீன் பிடிப்பதற்கென்றே விடுமுறை எடுத்துக்கொண்டு நாடுவிட்டு நாடு போகிறவர்கள் ஐரோப்பாவில் ஏராளம். ஜெர்மனி, போலந்து, செக் குடியரசு, லிதுவேனியா ஆகிய நாடுகளிலிருந்து இவர்கள் நண்பர்களோடும் குடும்பத்தோடும் காரில் நோர்வேக்குப் போகிறார்கள். திரும்பி வரும்போது வண்டியின் பின்புறம் வெள்ளை நிறத் தெர்மோகோல் பெட்டிகள் இருக்கும். உள்ளே தாங்களே பிடித்து, வெட்டி, உறையவைத்த மீன். அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கலாம், எப்படி இருக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் நோர்வே ஏன் என்று பார்ப்போம். அந்த நாட்டுக் கடலில் தூண்டில் போட உரிமம் வேண்டாம், கட்டணமும் கிடையாது. சொந்த நாட்டவருக்கு உள்ள இந்தச் சலுகை வெளிநாட்டவருக்கும் உண்டு. ஆனால் வெளிநாட்டவர் கையில் பிடிக்கும் தூண்டிலை மட்டுமே பயன்படுத்தலாம். வலை விரிக்கக் கூடாது, பிடித்ததை விற்கவும் கூடாது. கரையோரம் நெடுக மீன்பிடி விடுதிகள் இருக்கின்றன. தங்க அறை, வாடகைக்குப் படகு, மீன் வெட்ட மேசை, உறையவைக்கப் பெட்டி என எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

இவ்வளவு தாராளமாகக் கடலைத் திறந்துவிட்ட நாடு, எல்லையில் மட்டும் தராசை வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டில் ஒருவர் 15 கிலோ மீன் கொண்டுபோகலாம் என்று வரம்பு வைத்தார்கள். அதற்கு மேல், நினைவுக்காக ஒரு பெரிய மீனை முழுசாக எடுத்துப் போகவும் விட்டார்கள். பிறகு அந்தச் சலுகை போய்விட்டது. 2018இல் அரசிடம் பதிவு செய்த விடுதியில் தங்கிப் பிடித்தவருக்கு 20 கிலோ, மற்றவருக்கு 10 கிலோ என்று பிரித்தார்கள். பதிவு செய்த விடுதிகள் தங்கள் விருந்தினர் பிடித்த மீனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. 2021இல் இன்னும் இறுக்கினார்கள். பதிவு செய்த விடுதி வழியாகப் பிடித்தவர் 18 கிலோ, அதுவும் ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும். மற்றவர்கள் கடல்மீனில் ஒரு துண்டுகூடக் கொண்டுபோக முடியாது என்றானது. ஆற்று மீனும் ஏரி மீனும் இந்தக் கணக்கில் சேராது. கடையில் ரசீதோடு வாங்கிய மீனும் சேராது. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே புறப்படும் முன் நோர்வே மீன்வளத் துறையின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிடுவது கட்டாயம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? சிலர் வேனுக்குள் உறைபெட்டியையே பொருத்திக்கொண்டு வந்து, நூற்றுக்கணக்கான கிலோ மீனை ஊருக்குக் கடத்தினார்கள். விடுமுறை என்ற பெயரில் அது வியாபாரமே ஆகிவிட்டது. இன்னொரு காரணம் கடலுக்குள்ளேயே இருக்கிறது. நோர்வேயின் பெருஞ்செல்வம் காட் மீன். நோர்வேக்கு வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் வளரும் காட், ஒவ்வோர் ஆண்டும் தை, மாசி வாக்கில் நோர்வேக் கரையோரத்து லொஃபோத்தன் தீவுகளுக்கு வந்து முட்டையிடும். இந்த மீனை நோர்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து பங்கிட்டுக்கொள்கின்றன. 2021இல் அந்த மொத்த ஒதுக்கீடு 8,85,600 டன். 2025இல் அது 3,40,000 டன்னாகச் சரிந்தது. நான்கே ஆண்டில் பாதிக்கும் கீழே! இது தவிர, ஃபியோர்டு எனும் குறுகிய கடற்கழிகளிலேயே தங்கி வாழும் கரைக் காட் என்ற இன்னொரு கூட்டமும் உண்டு. அது வலுவில்லாத கூட்டம். விடுதிப் படகுகள் கரையை ஒட்டியே போகும் என்பதால், அவற்றின் தூண்டிலில் இந்தக் காட்தான் எளிதில் சிக்கும். அங்குள்ள சிறு மீனவர் பிழைப்பும் அதே தண்ணீரில்தான் ஓடுகிறது. தன் பங்கு குறைந்து நிற்கும் மீனவருக்கு, விருந்தாளியின் பெட்டி நிரம்பி வழிவதைப் பார்த்தால் வயிறு எரியத்தானே செய்யும்?

நேயர்களே, அந்த 18 கிலோவையே கொஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். காட் மீனில் தலை, குடல், முள், தோல் எல்லாம் போனால், கையில் கிடைக்கும் வெறும் சதை மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அப்படியென்றால் 18 கிலோ சதைக்கு ஏறத்தாழ 50 கிலோ மீன் கரையேற வேண்டும். நாலு பேர் கொண்ட குழுவுக்கு 200 கிலோ! ஒரு வீட்டுக்கு மாதக்கணக்கில் வரும் சாப்பாடு அது.

அதனால்தான் சொல்கிறேன், எவ்வளவு வேண்டும் என்பதைத் தூண்டில் போடும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். முடிந்த அளவு பிடிப்போம், மிஞ்சியதை விட்டுவிடலாம் என்ற கணக்குக் கடலில் செல்லாது. ஆழத்திலிருந்து இழுத்து வரும் காட் மீனின் காற்றுப்பை, மேலே வர வர ஊதிப்போகும். அப்படி வந்த மீனைத் திரும்ப விட்டாலும் அது பிழைக்கும் என்ற உறுதி இல்லை. ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனுக்குக் காற்றுப்பையே கிடையாது. அதை நோகாமல் கழற்றிவிட்டால் நீந்திப் போய்விடும். நோர்வே விதியும் இதைக் கேட்கிறது. 84 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஹாலிபட்டையும், 2 மீட்டருக்கு மேற்பட்ட ஹாலிபட்டையும் திரும்ப விட வேண்டும். அவ்வளவு பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் தாய்மீன்கள். காட் அப்படியல்ல. ஆகவே காட் கூட்டத்தின் மேல் நிற்கும்போது, தேவையானது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டுங்கள். கூட்டம் இன்னும் அடியில் நின்றாலும் சுருட்டத்தான் வேண்டும். நல்ல மீன்பிடிகாரரின் அடையாளம் அதுதான்.

பிடித்ததைக் கெடாமல் வைப்பதும் கடலுக்குச் செய்யும் மரியாதை. மீன் படகில் விழுந்த உடனே மண்டையில் ஒரே அடி அடித்து, செவுளுக்குக் கீழே தொண்டையை அறுத்து, கடல்நீர் நிறைந்த வாளியில் போட வேண்டும். இரத்தம் முழுதும் வடிந்தால்தான் சதை வெள்ளை வெளேரென்று இருக்கும். வடியாத மீன் உறைபெட்டியில் இருக்க இருக்கக் கருத்து, கவிச்சி ஏறிவிடும். பிறகு குடலை எடுத்துவிட்டு ஐஸில் போடுங்கள். கரைக்கு வந்ததும் மேசையில் கிடத்தி, பக்கத் துடுப்புக்குப் பின்னால் கத்தியை இறக்கி, நடுமுள்ளை ஒட்டியே வாலை நோக்கி இழுத்தால் சதை பலகையாகக் கழன்று வரும். வயிற்றுப் பக்கத்து மெல்லிய சதையில் சுருண்ட சிறு புழுக்கள் இருக்கலாம். அந்தப் பகுதியை வெட்டி ஒதுக்குவது நல்லது. நன்றாக வேகவைத்தாலோ ஆழமாக உறையவைத்தாலோ அவை செத்துவிடும். சதையை நல்லதண்ணீரில் ஊறவிடாமல் துடைத்து, ஒரு வேளைச் சமையலுக்கு எவ்வளவோ அவ்வளவை ஒரு பையில் தட்டையாகப் பரப்பி, காற்றை எடுத்து மூடுங்கள். பையின் மேல் மீனின் பெயர், எடை, தேதி எழுதுங்கள். தட்டையான பை சீக்கிரம் உறையும், அடுக்கவும் வசதி. எழுதிய எடையைக் கூட்டினால் உங்கள் கணக்கும் தெரிந்துவிடும்.

புறப்படும் நாளில், அங்கே தங்கிப் பிடித்த மீனுக்கு விடுதிக்காரர் தரும் சான்றை மறக்காமல் வாங்கிக் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். சுங்க அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான். வரம்புக்கு மேல் இருந்தால் மீன் பறிமுதலாகும், அபராதமும் உண்டு. விமானத்தில் வருகிறவர்கள் உலர்பனிக்கட்டி வைப்பதானால் ஒருவருக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் கூடாது. அதற்கும் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பெட்டியை முற்றாக அடைக்காமல் வாயு வெளியேற வழி விடுவதும் அவசியம்.

இந்தக் கடலோடு தமிழர்களுக்கும் ஓர் உறவு உண்டு. 1980களில் இலங்கையிலிருந்து போன தமிழர் பலர், நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தார்கள். அந்தக் குளிரில் நின்று இந்தக் காட் மீனை வெட்டிய கைகளில் நம்மவர் கைகளும் இருந்தன. மீனின் தலையை வீசாமல் குழம்பில் போடுகிற நமக்கு, அந்த ஊர்ப் பழக்கமும் புதிதாகப் படாது. லொஃபோத்தனில் காட் மீனின் நாக்கை அறுத்து விற்பது பிள்ளைகளின் காசு சேர்க்கும் வேலை. தலைகள் காய்ந்து நைஜீரியாவுக்குப் போகின்றன. ஈரலும் சினையும் மீனோடு சேர்ந்து அவர்கள் தட்டுக்கு வருகின்றன. விடுதியில் தங்குகிறவர்களும் அப்படியே செய்யலாம். சதை பெட்டிக்குப் போகட்டும், தலையும் ஈரலும் சினையும் அன்றிரவே அடுப்பில் ஏறட்டும். அதற்கு எல்லையில் எடை போட மாட்டார்கள், மீனிலும் எதுவும் வீணாகாது.

நேயர்களே, இன்னொரு நாட்டின் கடலில் இலவசமாகத் தூண்டில் போட விடுவது பெரிய விருந்தோம்பல். விருந்துக்குப் போன இடத்தில் பந்தியைக் காலி செய்துவிட்டு வருகிறவரை மறுமுறை யாரும் அழைக்க மாட்டார்கள். நாம் ஒவ்வொருவரும் அளவோடு எடுத்தால்தான் அந்தக் கதவு நம் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும். அடுத்த முறை மீன்பிடி விடுமுறைக்குத் திட்டமிடும்போது, எத்தனை கிலோ என்ற கேள்வியை வீட்டு மேசையிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.